டப்ளின் பழைய வீடுகளும் சதுக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினுக்கு யாராவது விருந்தாளி வந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவது என் தலையில் விழுந்த வேலை. வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதே சதுக்கத்தில் நின்று, அதே கதவைப் பார்த்து, அதே சந்தேகத்தைக் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். தூண் என்ன பாணி, வளைவு என்ன பாணி என்று தேடுகிறவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. யார் கட்டினார்கள், யார் குடியிருந்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

ஜார்ஜியன் வீடு, ஜார்ஜியன் வீடுன்னு சொல்றாங்களே, ஜார்ஜ் யாரு? கட்டினவரா?

கட்டியவர் இல்லை, ராஜா. அதுவும் ஒருவர் இல்லை, நான்கு பேர். 1714 முதல் 1830 வரை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வரிசையாக ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலத்தில் எழுந்த வீடுகளுக்கு அந்தப் பெயர். அப்போது அயர்லாந்து லண்டனுக்குக் கட்டுப்பட்ட நாடு. ஆனால் டப்ளினில் தனிப் பாராளுமன்றம் இருந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

எல்லா வீடும் ஒரே மாதிரி செங்கல், ஒரே மாதிரி சன்னல். அரசாங்கக் குடியிருப்பா இது?

இல்லை, மனை வியாபாரம். ஒரு பெரிய நிலக்காரர் வயலையும் மேட்டையும் வாங்கிப்போட்டு, தெருவும் சதுக்கமும் குறித்து, மனைகளாகப் பிரித்து நீண்ட காலக் குத்தகைக்கு விடுவார். குத்தகை எடுத்தவர் தன் செலவில் வீடு கட்ட வேண்டும். எத்தனை மாடி, முகப்பு எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனைகள் குத்தகைப் பத்திரத்திலேயே இருக்கும். அதனால்தான் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரிகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒருமுறை செங்கல் நிறமும் சன்னல் மட்டமும் லேசாக மாறும். அந்த இடத்தில் ஒரு மேஸ்திரி முடித்து இன்னொருவர் தொடங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த வியாபாரத்தில் இரண்டு பெயர்கள் முக்கியம். லிஃபி ஆற்றுக்கு வடக்கே கார்டினர் குடும்பம். தெற்கே ஃபிட்ஸ்வில்லியம் குடும்பம். லூக் கார்டினர் 1720களில் ஹென்ரியட்டா தெருவைத் தொடங்கினார். ஃபிட்ஸ்வில்லியம் பிரபு 1762இல் மெரியன் சதுக்கத்தை வகுத்தார். இதற்கிடையில் 1757இல் அகலத் தெருக்கள் ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். பழைய சந்துகளை வாங்கி இடித்து நேரான பெரிய தெருக்கள் போட அதற்கு அதிகாரம் இருந்தது. சந்தில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு அந்த ஆணையம் வீடு கட்டித் தரவில்லை.

இவ்வளவு பெரிய வீடு கட்ட அவங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்துச்சு?

பெரும்பகுதி கிராமத்துக் குத்தகைப் பணம். பதினேழாம் நூற்றாண்டுப் போர்களில் தோற்ற கத்தோலிக்கர்களிடமிருந்து நிலத்தைப் பறித்து, ஜெயித்த பக்கத்துப் புராட்டஸ்டண்டுகளுக்குக் கொடுத்தார்கள். 1703 வாக்கில் நாட்டு நிலத்தில் ஏறக்குறைய 14 சதவீதம்தான் கத்தோலிக்கர் கையில் மிஞ்சியது. மக்கள்தொகையிலோ அவர்களே மிகப் பெரும்பான்மை. நிலம் கிடைத்தவருக்கு ஊரில் ஒரு மாளிகை. பாராளுமன்றம் கூடும் மாதங்களில் தங்க டப்ளினில் ஒரு வீடு. விருந்து, நடனம், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, பதவிக்கு ஆள் பிடிப்பது எல்லாம் இந்த டப்ளின் வீட்டின் முதல் மாடியில்தான் நடக்கும். அந்த மாடி சன்னல் மட்டும் ஏன் அவ்வளவு உயரம் என்று இப்போது புரிகிறதா? மேலே போகப் போகச் சன்னல் குட்டையாகிக்கொண்டே வரும். உச்சியில் இருப்பவை குழந்தைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும்.

அயர்லாந்து கத்தோலிக்க நாடுதானே? அப்ப கத்தோலிக்கப் பணக்காரங்க யாரும் இந்த வீடுகள்ல இல்லையா?

ஆரம்பத்தில் முடியாது. கத்தோலிக்கர் நிலம் வாங்கக் கூடாது, 31 ஆண்டுக்கு மேல் குத்தகை எடுக்கக் கூடாது, பாராளுமன்றத்தில் உட்காரக் கூடாது என்று தண்டனைச் சட்டங்கள் இருந்தன. 31 ஆண்டுக் குத்தகையை நம்பி யார் மாளிகை கட்டுவார்கள்? கையில் காசு சேர்ந்த கத்தோலிக்கர்கள் வியாபாரத்தில் போட்டார்கள். கோயில்கூடப் பெரிய தெருவை விட்டு ஒதுங்கித்தான் கட்டினார்கள். 1825இல் முடிந்த அவர்களுடைய தலைமைத் தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள். பிரதானத் தெருவிலிருந்து தள்ளி, மார்ல்பரோ தெருவில் நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. கத்தோலிக்கர் நீண்ட காலக் குத்தகை எடுக்கலாம் என்று 1778இல் சட்டம் கொண்டுவந்தவர் இன்னொரு லூக் கார்டினர், முன்னால் சொன்னவரின் பேரன். மனை விற்கிற குடும்பத்துக்கு வாங்குகிறவர்கள் கூடினால் லாபம்தானே என்று எனக்குத் தோன்றும். அது என் ஊகம். பின்னால் மவுண்ட்ஜாய் பிரபு ஆனதும் இவர்தான். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த 1798 கிளர்ச்சியில், அரசுத் தரப்பில் நின்று நியூ ராஸ் சண்டையில் செத்தார். அப்புறம், கத்தோலிக்கர் பாராளுமன்றம் போகலாம் என்று 1829இல் வாங்கிக் கொடுத்த டேனியல் ஓகானல், மெரியன் சதுக்கம் 58ஆம் எண் வீட்டிலேயே குடியிருந்தார்.

கதவுக்கெல்லாம் ஏன் இவ்வளவு கலர்? குடிச்சிட்டு வர்றவங்க வீடு மாறிப் போகாம இருக்கவாமே?

அது சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதை. ராணி செத்தபோது கறுப்பு அடிக்கச் சொன்னார்கள், இவர்கள் வீம்புக்குக் கலர் அடித்தார்கள் என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டையும் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். முகப்பில் எதையும் மாற்ற முடியாத வீட்டில், சொந்த ரசனையைக் காட்டக் கதவு ஒன்றுதான் மிச்சம். கதவுக்கு மேலே விசிறி மாதிரி விரியும் கண்ணாடியைக் கவனியுங்கள். நடைக்கு வெளிச்சம் தர அது.

வேலைக்காரங்க எந்த வழியா வருவாங்க?

தெருவிலிருந்து கீழே இறங்கும் படி தெரிகிறதே, அந்த வழி. சமையலறை தரைக்குக் கீழே. நடைபாதையில் வட்டமான சின்ன இரும்பு மூடிகள் பதித்திருக்கும், அவை கரி கொட்டும் துளைகள். கரிக்காரர் தெருவில் நின்றபடியே கொட்டிவிட்டுப் போவார். வீட்டுக்குள் அவர் கால் படாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் குதிரை லாயம், அதன் மேலே வண்டிக்காரர் குடும்பம். ஒரே கூரைக்கடியில் இருந்தாலும் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் எதிர்ப்படாமல் நாளைக் கழிக்கும்படி கட்டிய வீடு இது. அந்த லாயங்கள் இப்போது லட்சக்கணக்கில் விலை போகிற குட்டி வீடுகள்.

சதுக்கத்து நடுவுல இருக்கிற பூங்கா அன்னைக்கும் எல்லாருக்கும் திறந்திருந்ததா?

இல்லை. சாவி இருந்தவருக்கு மட்டும். சுற்றிலும் வீடு வைத்திருப்பவர்கள் காசு கட்டிச் சாவி வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு இரும்புக் கம்பி வழியாகத் தெரிகிற பச்சை மட்டும்தான்.

செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் கதை இதில் மோசம். அது முதலில் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். 1663இல் நகராட்சிக்குக் காசு தேவைப்பட்டது. நடுவில் 27 ஏக்கரை விட்டுவிட்டு, சுற்றிலும் மனை போட்டுச் சீட்டுக் குலுக்கி விற்றார்கள். மனை வாங்கியவர் ஆளுக்கு ஆறு சிகமோர் மரம் நட வேண்டும் என்று நிபந்தனை. அதன் பிறகும் பொதுஜனம் உள்ளே போய்வந்துகொண்டிருந்தது. 1814இல் நிர்வாகம் சுற்றுவட்ட வீட்டுக்காரர்களின் ஆணையர்கள் கைக்குப் போனது. கம்பி வேலி போட்டார்கள், பூட்டுப் போட்டார்கள், ஆண்டுக்கு ஒரு கினி (ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) கட்டினால் சாவி என்றார்கள். பொது நிலம் 66 ஆண்டு அப்படிப் பூட்டிக் கிடந்தது. பீர் தயாரிக்கும் கின்னஸ் குடும்பத்து ஆர்தர் கின்னஸ் முயற்சியில் சட்டம் வந்து, அவர் பணத்தில் பூங்கா அமைத்து, 1880 ஜூலை 27 அன்று எல்லோருக்கும் திறந்தார்கள்.

மெரியன் சதுக்கத்தில் இன்னொரு திருப்பம். 1930இல் அந்தத் தோட்டம் கத்தோலிக்கப் பேராயர் கைக்கு வந்தது. மேலே சொன்ன மார்ல்பரோ தெருக் கோயிலுக்குப் பதிலாக, புராட்டஸ்டண்டுப் பிரபுக்கள் உலாவிய அதே இடத்தில் பெரிய தேவாலயம் எழுப்ப நினைத்தார்கள். அது நடக்கவில்லை. 1974இல் பொதுப் பூங்காவாகத் திறந்தார்கள். ஃபிட்ஸ்வில்லியம் சதுக்கத் தோட்டம் மட்டும் இன்றும் தனியார் வசம், இன்றும் சாவிதான். விருந்தாளிகளை அங்கே கூட்டிப்போய்க் கம்பிக்கு வெளியே நிறுத்தினால், நான் இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும்.

பிரசவ ஆஸ்பத்திரியை ஒட்டி நாட்டியக் கூடமும் தோட்டமும் எதுக்கு?

பார்னெல் சதுக்கத்தில் இருக்கும் ரொட்டண்டா ஆஸ்பத்திரியைக் கேட்கிறீர்கள். பார்த்தலோமியு மாஸ் என்ற அறுவை மருத்துவர், ஏழைப் பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைப் பார்த்து 1745இல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கினார். பெரிதாகக் கட்டப் பணம் இல்லை. அவர் செய்தது கெட்டிக்காரத்தனம். கட்டடத்துக்கு முன்பே தோட்டத்தைப் போட்டார். விளக்கு, இசைக் கச்சேரி, தேநீர் என்று பணக்காரர்கள் பொழுதுபோக்க ஏற்பாடு செய்து நுழைவுச்சீட்டு விற்றார். அந்தக் காசில் ஆஸ்பத்திரி எழுந்து 1757 டிசம்பரில் திறந்தது. தோட்டம் பிரபலமானதும் சுற்றிலும் பிரபுக்கள் வீடு கட்ட, அதுவே ஒரு சதுக்கமாகிவிட்டது. மாஸ் மட்டும் கடனாளியாகவே 1759இல் இறந்தார். ஆஸ்பத்திரி அதே இடத்தில் இன்றும் நடக்கிறது.

ஆத்துக்கு வடக்கே ஏழை, தெற்கே பணக்காரன்னு சொல்றாங்களே. ஆனா முதல்ல பெரிய வீடுகள் வடக்கேதானே கட்டினாங்க?

சரியாகப் பிடித்தீர்கள். முதலில் வடக்குதான் மேட்டுக்குடி. ஹென்ரியட்டா தெருவில் பேராயர்களும் பிரபுக்களும் நெருக்கியடித்து இருந்தார்கள். 1745இல் கில்டேர் பிரபு தெற்கே, அப்போது ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கிடந்த இடத்தில் மாளிகை கட்டத் தொடங்கினார். அங்கே போய் யார் இருப்பார்கள் என்று கேட்டவர்களிடம், நான் போகிற இடத்துக்கு மற்றவர்கள் வருவார்கள் என்று அவர் சொன்னதாகக் கதை. சொன்னாரோ இல்லையோ, நடந்தது அதுதான். பக்கத்திலேயே மெரியன் சதுக்கம் எழுந்தது. அவருடைய மாளிகை, லின்ஸ்டர் ஹவுஸ், இப்போது அயர்லாந்துப் பாராளுமன்றம்.

வடக்கே 1790களில் மவுண்ட்ஜாய் சதுக்கம் எழும்பிக்கொண்டிருந்தபோதே காற்று திசை மாறிவிட்டது. நான்கு பக்கமும் ஒரே நீளம் உள்ள உண்மையான சதுரம் டப்ளினில் அது ஒன்றுதான். நூறு ஆண்டுக்குள் அதைச் சுற்றி ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்தன.

1801இல் பாராளுமன்றம் லண்டனுக்குப் போனதாலதான் டப்ளின் விழுந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது சரியா?

பாதி சரி. காலேஜ் கிரீனில் இருக்கும் பழைய பாராளுமன்றம், இரண்டு அவைகளுக்கும் என்றே திட்டமிட்டுக் கட்டிய உலகின் முதல் கட்டடம். வேலை தொடங்கியது 1729இல். அயர்லாந்தைப் பிரிட்டனோடு சேர்த்த இணைப்புச் சட்டத்துக்குப் பிறகு அயர்லாந்து பேங்க் அதை 40,000 பவுண்டுக்கு வாங்கியது. மறுபடி அங்கே பாராளுமன்றம் கூட முடியாதபடி கீழவைக் கூடத்தை மாற்றிவிட வேண்டும் என்பது பேச்சு. மாற்றிவிட்டார்கள். பிரபுக்கள் அவைக் கூடம் தப்பித்தது. உள்ளே போய்ப் பார்க்கலாம். பாராளுமன்றம் போனதும் பிரபுக்களுக்கு டப்ளின் வீடு வீண் செலவாகிவிட்டது.

ஆனால் வீடுகள் உடனே காலியாகவில்லை. வக்கீல், டாக்டர், பெரிய வியாபாரி வந்து உட்கார்ந்தார்கள். ஃபிட்ஸ்வில்லியம் சதுக்கமே 1801க்குப் பிறகுதான் பெரும்பாலும் கட்டி முடிந்தது. ஆஸ்கர் வைல்டின் அப்பா, கண் காது மருத்துவர், 1855இல் மெரியன் சதுக்கம் முதல் எண் வீட்டுக்குக் குடிவந்தார். ஏழ்மையும் 1801இல் பிறந்ததல்ல. 1798இல் ஜேம்ஸ் வைட்லா என்ற பாதிரியார் வீடு வீடாகப் போய்த் தலை எண்ணினார். நெசவாளர்கள் வாழ்ந்த லிபர்ட்டீஸ் பகுதியில் ஒரே வீட்டில் பல குடும்பங்கள் அடைந்து கிடப்பதை எழுதி வைத்திருக்கிறார். அப்போது பாராளுமன்றம் டப்ளினில்தான் இருந்தது.

வடக்கு நகரை உண்மையில் காலி செய்தது நடுத்தர வர்க்கம் என்பேன். 1834இல் ரயில் வந்தது. ராத்மைன்ஸ் 1847இலும் பெம்புரோக் 1863இலும் தனி நகரியங்களாகின. அங்கே குடிபோனால் தோட்டத்தோடு வீடு, டப்ளின் மாநகராட்சிக்கு வரி கட்ட வேண்டாம். வசதியானவர்கள் போனார்கள், அவர்கள் வரியும் போனது. அதே பத்தாண்டுகளில், 1845 உருளைக்கிழங்குப் பஞ்சத்திலிருந்து, கிராமத்து ஜனம் நகருக்குள் வந்து விழுந்தது. 1847இல் ராயல் பாரக்ஸ் முன்னால் திறந்த கஞ்சித்தொட்டியில், நூறு நூறு பேராக மணியடித்து உள்ளே விட்டார்கள். கரண்டிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள்.

ஒரு பிரபு வீட்டுல நூறு பேர் இருந்தாங்கன்னு மியூசியத்துல சொன்னாங்க. எப்படி முடியும்?

ஹென்ரியட்டா தெரு 14ஆம் எண். 2018இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. டப்ளினில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இங்கே அனுப்புவேன். 1740களின் கடைசியில் கட்டியது. முதலில் மோல்ஸ்வொர்த் பிரபு குடும்பம். அவர்களும் வேலைக்காரர்களும் மட்டும். பிறகு, 1850இலிருந்து, கடனில் மூழ்கிய நிலங்களை விற்கும் நீதிமன்றம் இங்கே நடந்தது. பஞ்சத்துக்குப் பிறகு திவாலான நிலக்காரர்களின் சொத்துகளை ஏலம் போட்டார்கள். எந்தக் குத்தகைப் பணம் இப்படிப்பட்ட வீடுகளைக் கட்டியதோ அது தீர்ந்துபோன கணக்கை, அதே மாதிரி வீட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

1877இல் தாமஸ் வான்ஸ் என்பவர் அதை வாங்கி, பெரிய மாடிப்படியைப் பிடுங்கி, இடையில் தடுப்பு அடித்து, 19 குடித்தனமாக்கினார். 1911 கணக்கெடுப்பில் 17 குடும்பம், 100 பேர். தெரு முழுவதும் 15 வீட்டில் 835 பேர். சுதை வேலைப்பாடு செய்த கூரைக்குக் கீழே கயிறு கட்டித் துணி காயும். கணப்பில் சமையல். இத்தகைய வீடுகளில் தண்ணீருக்கும் கக்கூசுக்கும் கொல்லைப்புறம்தான். நான்காம் மாடிக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கிப் போனது பெண்களும் பிள்ளைகளும். நடைக் கதவைப் பூட்டும் வழக்கமே கிடையாது. பூங்காவுக்குச் சாவி கேட்ட நகரத்தில், சாவியே தேவைப்படாத வீடுகள் இவை.

நடைச் சுவரில் கீழே சிவப்பு, மேலே நீலம் அடித்திருப்பதைப் பாருங்கள். சிவப்பு, ஆட்டுக்கு அடையாளம் பூசும் செங்காவி. நீலம், ரெக்கிட்ஸ் சலவை நீலம். நம் வீட்டுச் சொட்டு நீலத்துக்கு மூத்த அக்கா. மலிவான சாயம். அடகுக்கடை இல்லாமல் இந்த வாழ்க்கை ஓடியிருக்காது. கணவனின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு திங்கட்கிழமை அடகுக்குப் போகும், சனிக்கிழமை கூலி வந்ததும் திரும்பும். கடைசிக் குடும்பங்கள் இந்த வீட்டைவிட்டுப் போனது 1970களின் இறுதியில்தான். அதனால் அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் குரல்களையே அருங்காட்சியகத்தில் கேட்க முடிகிறது.

இதையெல்லாம் மாநகராட்சி பார்த்துக்கிட்டு சும்மாவா இருந்தது?

கவுன்சிலர்களிலேயே சிலர் இப்படிப்பட்ட வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள். அவ்வளவுதான் பதில் என்று சொல்லிவிடலாம். ஆனால் 1913ஐச் சொல்லாமல் விட முடியாது. ஆகஸ்ட் கடைசியில் டப்ளினின் பெரும் வேலைநிறுத்தமும், முதலாளிகள் தொழிலாளரை வெளியே நிறுத்திய கதவடைப்பும் தொடங்கின. செப்டம்பர் 2 மாலை சர்ச் தெருவில் 66, 67 எண் வீடுகள் சரிந்து விழுந்து ஏழு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவன் 17 வயதுப் பையன். கதவடைப்பில் வேலை இழந்தவன்; தங்கையைக் காப்பாற்றப் போய் அவளோடு செத்தான்.

அதன் பிறகு அரசு விசாரணைக் குழு போட்டது. 1914இல் வந்த அறிக்கைப்படி 5,322 ஒண்டுக்குடித்தன வீடுகளில் 25,822 குடும்பங்கள். அதில் 20,108 குடும்பங்களுக்கு ஒரே அறை. கவுன்சிலர்கள் சொந்தக்காரர்கள் என்ற விஷயமும் அதில் வெளியே வந்தது. அறிக்கை வந்த கொஞ்ச நாளில் உலகப் போர். வேலை நடக்க 1920கள் ஆகிவிட்டது. 1932இலிருந்து மாநகராட்சி வீட்டுவசதிக் கட்டடக் கலைஞராக இருந்த ஹெர்பர்ட் சிம்ஸ் ஏறக்குறைய 17,000 வீடுகள் கட்ட வைத்தார். அவர் கட்டிய வளைந்த முகப்புச் செங்கல் குடியிருப்புகள் இன்னமும் நிற்கின்றன. பிரபுக்கள் சதுக்கத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை அவற்றுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

1916 புரட்சிக்கு அடையாளம் ஏதாவது இருக்கா?

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அந்தப் புரட்சியைத் தேடி எல்லோரும் பிரதானத் தபால் நிலையத்துக்குப் போவார்கள். நான் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீனுக்கு எதிரே இருக்கும் அறுவை மருத்துவர் கல்லூரித் தூண்களைக் காட்டுவேன். குண்டு பட்ட வடுக்கள் அப்படியே இருக்கின்றன. மேலே சொன்ன பூங்காவைத்தான் புரட்சிக்காரர்களின் தொழிலாளர் படை பிடித்துப் பதுங்குகுழி வெட்டியது. ஷெல்போர்ன் ஓட்டல் உச்சியிலிருந்து பிரிட்டிஷ் பட்டாளம் சுட, கல்லூரிக்குள் ஒதுங்கினார்கள். பூங்காக் காவலர் வாத்துகளுக்குத் தீனி போட்டு வர இரண்டு தரப்பும் சுடுவதை நிறுத்தியதாகச் சொல்வார்கள். பெரிய தெருவின் பெயரும் பின்னால் மாறியது: சாக்வில் தெரு 1924இல் ஓகானல் தெருவானது. அங்கே நின்ற நெல்சன் தூணை 1966இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இவ்வளவு அழகான வீடுகளை 1960கள்ல ஏன் இடிச்சாங்க? சுதந்திரம் வந்த பிறகு நாமளே இடிப்போமா?

இதுதான் எனக்கு வரும் கேள்விகளில் கஷ்டமானது. அன்றைய ஐரிஷ்காரர் பலருக்கு இது 'நம்முடைய' வீடு இல்லை. நிலத்தைப் பிடுங்கியவன் கட்டியது, பிறகு பாட்டி காசநோயில் செத்த இடம். அதைக் காப்பாற்று என்று சொன்னால் கோபம்தான் வரும். அதற்கு மேல் பயம் வேறு. 1963 ஜூனில் பத்து நாள் இடைவெளியில் போல்டன் தெருவிலும் ஃபீனியன் தெருவிலும் பழைய வீடுகள் இடிந்தன. முதலாவதில் வயதான இருவர், இரண்டாவதில் தெருவில் நடந்துபோன இரண்டு சிறுமிகள் பலி. அதன் பிறகு ஆபத்தான கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்டி வரிசையாக இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்து கிளம்பியவர்களில் பலர் புறநகர் பாலிமன்னில் எழுந்த அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அந்தக் கோபுரங்களையும் பின்னால் இடித்தாயிற்று.

அதே சமயம் ஆபத்தே இல்லாத வீடுகளும் போயின. 1965 வாக்கில் மின்வாரியம் தன் அலுவலகத்துக்காக லோயர் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் 16 வீடுகளை இடித்தது. நீண்டு கிடந்த ஜார்ஜியன் வரிசையில் பல் விழுந்த மாதிரி ஓட்டை. அண்மையில் அந்த அலுவலகத்தையும் இடித்து, பழைய சன்னல் அளவுகளை நினைவூட்டும் செங்கல் முகப்போடு புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். காப்பாற்ற முன்வந்தவர்களில் 1958இல் ஐரிஷ் ஜார்ஜியன் சங்கத்தை ஏற்படுத்திய டெஸ்மண்ட், மரிகா கின்னஸ் தம்பதி முக்கியமானவர்கள். மவுண்ட்ஜாய் சதுக்கத்தை ஒரு நிறுவனம் மொத்தமாக இடிக்கப் பார்த்தபோது மரிகா அங்கே 50ஆம் எண் வீட்டை வாங்கிக் குறுக்கே நின்றார். ஆனால் கின்னஸ் என்ற பெயரே எதிராளிக்கு வசதியாகிவிட்டது. 1970இல் ஹியூம் தெரு வீடுகளுக்காக மாணவர்கள் உள்ளே உட்கார்ந்து போராடியபோது, அமைச்சர் கெவின் போலண்ட் இது பட்டம் கட்டிய பிரபுக்களின் கூட்டம் என்று பாராளுமன்றத்தில் கேலி பேசினார். இந்தச் சண்டையில் ஒண்டுக்குடித்தனக்காரர்களிடம் யாரும் பெரிதாகக் கருத்துக் கேட்கவில்லை. 14ஆம் எண் வீட்டில் இப்போதுதான் கேட்கிறார்கள்.

டப்ளின் மட்டும்தானா? மத்த ஊர்கள்ல?

லிமரிக்கில் பழைய ஊரின் இரண்டு பகுதிகளுக்கு ஆங்கிலேயர் நகர், ஐரிஷ்காரர் நகர் என்றே பெயர்; அதிலேயே பாதிக் கதை. வெளியே எட்மண்ட் பெரி என்ற நிலக்காரர் 1769 திட்டப்படி கட்டம் போட்டுப் புது ஊர் எழுப்பினார், நியூடவுன் பெரி. பெல்ஃபாஸ்டில் நகர மண்டபம் நிற்கும் இடத்தில் முன்பு வெள்ளை லினன் கூடம் இருந்தது. துணிச் சந்தை நின்ற இடத்திலேயே 1906இல் மண்டபம் எழுந்தது. கார்க் நகரத்தின் பிரதானத் தெருவில் பல கட்டடங்கள் 1920களைச் சேர்ந்தவையாக இருப்பதற்கு, 1920 டிசம்பர் 11 இரவு பிரிட்டிஷ் துணைப்படை வைத்த தீ காரணம்.

கால்வேயில் ஐர் சதுக்கத்தைத் தவறவிடாதீர்கள். 1710இல் மேயர் எட்வர்ட் ஐர் ஊருக்குக் கொடுத்த இடம், சாவி வம்பு இல்லாதது. அங்கே ஒரு கல் வாசல் மட்டும் தனியாக நிற்கும், பின்னால் வீடே இருக்காது. பிரவுன் என்ற வியாபாரக் குடும்பம் 1627இல் கட்டிய வீட்டு வாசல் அது. 1905இல் இங்கே கொண்டுவந்து நட்டார்கள்.

நம்ம ஊருக்கும் இந்த வீடுகளுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

ஒன்று உண்டு, கொஞ்சம் கசப்பானது. லின்ஸ்டர் ஹவுசுக்குப் பின்புறம் அப்பர் மெரியன் தெருவில் மார்னிங்டன் ஹவுஸ் இருக்கிறது. இப்போது ஓட்டல். அது வெல்லஸ்லி குடும்பத்தின் டப்ளின் வீடு. ஆர்தர் வெல்லஸ்லி, பின்னாளில் வெல்லிங்டன் கோமகன், 1769இல் அங்கே பிறந்ததாகச் சொல்வார்கள். வேறு இடம் சொல்வோரும் உண்டு. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799 போரில் சண்டையிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஆளுநரானவர். அண்ணன் ரிச்சர்ட் அப்போது கவர்னர் ஜெனரல். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோதும் அந்தப் பதவியில் இருந்தவர் அவரே.

ஃபீனிக்ஸ் பூங்காவில் வெல்லிங்டனுக்கு 62 மீட்டர் கல்தூண் இருக்கிறது. அடியில் வெண்கலப் பலகைகள், ஒன்றில் இந்தியப் போர்கள். ஊரிலிருந்து வருபவர்கள் அந்தப் பலகை முன்னால் படம் எடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

குறிப்பிட்ட ஒரு வீட்டுல யார் இருந்தாங்கன்னு நானே தேட முடியுமா?

முடியும், காசும் வேண்டாம். 1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்களை அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தெருவும் வீட்டு எண்ணும் போட்டால் போதும். அதற்கு முந்தையவை அநேகமாகக் கிடைக்காது. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922 உள்நாட்டுப் போரில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் கட்டடத்தோடு எரிந்தது; 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே அழித்துவிட்டது.

1911 படிவத்தில் பெயர், வயது, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன வேலை எல்லாம் இருக்கும். கூடவே உள்ள கட்டடப் படிவத்தில் அந்தக் குடும்பத்துக்கு எத்தனை அறை என்று தனியாக இருக்கும். மெரியன் சதுக்கத்தில் ஒரு வீடு, ஹென்ரியட்டா தெருவில் ஒரு வீடு என்று இரண்டை எடுத்து அருகருகே வையுங்கள். கல்யாணமான பெண்களிடம் மட்டும் கேட்ட இரண்டு எண்கள் வலது பக்கம் இருக்கும்: பெற்ற பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பது எத்தனை. முதலில் அதைப் பாருங்கள்.